பழிதுடைப்பு

ஜூன் 3, செவ்வாய்

மோட்டார் மறுபடியும் மூச்சை நிறுத்திவிட்டது. பிளம்பர் "இதோ வந்துட்டேன்மா" என்று சொன்னது காலையில். இருட்டியும் ஆள் வரவில்லை. இந்த லட்சணத்தில் உட்கார்ந்து நான் ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்க்க வேண்டும்.

'செம்முத்திரை'யின் கடைசி எட்டு எபிசோடும் வந்துவிட்டன. சீனாவிலும் இங்கேயும் ஒரே நாளில் ஒளிபரப்பாகிறதாம், அதனால் ரகசியம் என்றால் அப்படியொரு ரகசியம். தமிழ் வசனம் எழுத எனக்கு அனுப்பிய படத்தின் குறுக்கே என் பெயரையே சாம்பல் எழுத்தில் அடித்திருக்கிறார்கள். ஃபிளாஷ்பேக்கில் தளபதி லியாங் குதிரையில் வருகிறான், அவன் நெற்றியில் 'சண்முகவல்லி'. நான் திருடினால் நானே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். இத்தனை வருஷம் டப்பிங்குக்கு எழுதியவளுக்கு இந்த மரியாதை.

கோட்டையை எதிரிக்கு விற்றான் என்று பழி சுமத்தி லியாங்கின் தலையை வெட்டிவிட்டார்கள். அவன் மகள் ரோலான், தேநீர் ஊற்றும் பணிப்பெண்ணாக அரண்மனைக்குள் புகுந்து உண்மையைத் தேடுகிறாள். பொய் ஆணையில் சிவப்பு முத்திரை குத்தியவன் அமைச்சர் ஷென்தான் என்று ஊரே நம்புகிறது. கோவில்பட்டியில் என் அக்கா ஆவுடை அவன் முகம் டிவியில் தெரிந்தாலே சாபம் விடுகிறாள். ஆனால் அவன் இல்லை. யார் என்று பார்த்ததும் நம்பாமல் இரண்டு முறை திருப்பி ஓட்டிப் பார்த்தேன். இந்த டைரியில்கூட எழுத மாட்டேன்.

சாயங்காலம் அக்கா போன்.

"ஏட்டி வல்லி, அந்தத் தேத்தண்ணிக்காரப் புள்ள தப்பிச்சிருவாளா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா? நீதானட்டி எழுதுத!"

"எனக்கும் வாரா வாரம்தான் வரும்" என்றேன். பொய்தான். தொழில் தர்மம்.

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு ஒரு சொல் பிறந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசி எபிசோடில், லியாங் குற்றமற்றவன் என்று சபையில் அறிவிக்கிறார்கள். செத்தவன் மேல் கிடந்த களங்கத்தைக் கழுவுகிற சடங்கு. சீனத்தில் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'பனி' என்ற எழுத்து இருக்கிறதாம், குறிப்பில் போட்டிருந்தது. நானும் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். வெண்டைக்காய் நறுக்கும்போது வந்து விழுந்தது: பழிதுடைப்பு. "பழிதுடைப்பு நாள்." வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இவர் செய்தித்தாளை இறக்கி, "யாரைத் துடைக்கப் போற?" என்றார். ரசனை அவ்வளவுதான்.

மதியம் பக்கங்களை எடுத்துக்கொண்டு சாலிகிராமத்துக்குப் போனேன். டப்பிங் டைரக்டர் தயாளன் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சொல்லு நல்லாதான் இருக்கு மேடம். ஆனா குளோசப்பு. அந்தப் பொண்ணு வாய் மூடவே இல்ல. நீங்க 'ப'ல ஆரம்பிச்சு 'ப்பு'ல முடிக்கிறீங்க. லிப்பு அடிக்கும், வாயும் குரலும் ஒட்டாது."

அவர் பேனாவால் அடித்துவிட்டு 'நீதி நாள்' என்று எழுதினார். நீதி நாளாம்! பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி. மனசே ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன், ஆற்றாமையில். கதையைச் சொல்லவில்லை. ஒரு சொல்லைத்தான் சொன்னேன். சொல்லைச் சொன்னால் அது எதற்கு என்று சொல்லாமல் முடியுமா? எதற்கு என்று சொன்னால் யாருடைய பழி, யார் செய்த வேலை என்று கேட்காமல் அவள்தான் விடுவாளா?

"ராஜமாதாவா!" என்று அக்கா அலறினாள். "அந்தப் பூனையா? நான் அந்த ஷென்னையில்லா ஏசிட்டு இருந்தேன்!"

"உன்னோட வச்சுக்கோ."

"நான் யார்ட்ட சொல்லப் போறேன். பளிதுடைப்பு. நல்லாருக்குட்டி."

"பளி இல்லக்கா, பழி. வாளப்பளம் மாதிரி சொல்லாத."

"ஆமா, மெட்ராசுக்குப் போனதும் நாக்கு வளைஞ்சுட்டுது உனக்கு. இரு, மாப்பிள்ளை வந்துட்டாரு, சோறு போடணும்."

அவள் மருமகனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை. வியாபாரம் மந்தமாம், ஏதோ வீடியோ போடுகிறாராம். நான் காது கொடுக்கவில்லை. பிளம்பர் இன்றும் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

ரெக்கார்டிங். ரோலானுக்கு ஜெசிந்தா பேசுகிறாள். பெரம்பூர்ப் பெண். கூட்டத்தில் "ஐயோ", "ஓடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தவளை தயாளன்தான் நாயகி குரலுக்குக் கொண்டுவந்தார். முதல் பெரிய வாய்ப்பு. இது கெட்டால் இந்தத் தெருவில் இன்னொரு ஸ்டுடியோ அவளைக் கூப்பிடாது. அது அவளுக்கும் தெரியும், அதனால் தண்ணீர்கூடக் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாள்.

ராஜமாதாவுக்கு ஹேமலதா. பழம் தின்று கொட்டை போட்டவள். நாயகி குரலும் தனக்கே வரும் என்று நினைத்திருந்தாள். ஜெசிந்தா பேசும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஏலக்காய் மெல்லுகிறாள். அந்த மெல்லுதலே எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்று எடுத்தது, முத்திரையைத் திருடியதாகப் பணிப்பெண்ணைச் சபையில் நிறுத்தும் காட்சி. அத்தனை பிரபுக்களும் தரையைப் பார்க்கிறார்கள். உண்மை தெரிந்தவர்கள் அதில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. எழுதும்போதே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஒரு ஜென்மமா!

ஜூன் 12, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

யூடியூபில் 'திரை ஒற்றன்' என்று ஒரு சேனல். மூஞ்சி கிடையாது, மெஷின் குரல். "செம்முத்திரை கிளைமாக்ஸ்! பளிதுடைப்பு நாளில் ராஜமாதாவின் முகத்திரை கிழிகிறது!" என்று கொட்டை எழுத்தில் போட்டு முழுக்கதையையும் அவிழ்த்துவிட்டான். லட்சம் பேருக்கு மேல் பார்த்தாயிற்று. டிவிக்காரர்கள் ஸ்டுடியோ முதலாளி பரமானந்தத்தைக் கூப்பிட்டுக் கிழித்திருக்கிறார்கள். யார் என்று தெரியாவிட்டால் அடுத்த தொடர் கிடையாதாம்.

உண்மையைச் சொன்னால், என் சொல்லை அங்கே பார்த்ததும் முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தயாளன் வேண்டாம் என்றார், ஊரே பேசுகிறது பார். அப்புறம்தான் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. பளியாம். ழகரம் தெரியாத கழுதையெல்லாம் ஒற்றன்.

ஜூன் 13, வெள்ளி

முதலாளி எல்லோரையும் ஒரே அறையில் நிற்க வைத்தார்.

"யாராவது வெளிய வாயத் தொறந்தீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

தயாளன் இல்லை என்றார். ஹேமலதா, "எனக்கு எதுக்கு சார்" என்றாள். நானும் இல்லை என்றேன். வெளியே நான் பேசவில்லையே. வீட்டுக்குள்தான் பேசினேன்.

ஜெசிந்தா சொல்வதற்குள் முதலாளி கேமராவில் பதிந்ததைக் காட்டினார். மைக் முன்னால் அவள் கையில் போன். ஸ்டுடியோவுக்குள் போன் கூடாது, வெளியே பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும்.

"சார், நான் பேசுனதைத் திருப்பிக் கேட்டாதான் சார் எனக்குத் தப்பு தெரியும். அதுக்குத்தான் சார். எங்கம்மா மேல சத்தியம்."

"அம்மாவ இழுக்காத. நாளைலேருந்து வராத. உன் பேர எல்லா ஸ்டுடியோக்கும் சொல்லிடுறேன். மிச்சத்த ஹேமா பேசுவாங்க."

ஜெசிந்தா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். தரையில் டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டிருந்தது.

ஜூன் 14, சனி

தூக்கமில்லை. அந்தப் பெண் செய்திருக்க மாட்டாள். அப்படியானால் யார்?

ஹேமலதா. லாபம் யாருக்கோ சதி அவருடையது. எத்தனை அரண்மனை பார்த்திருக்கிறேன், எனக்கா தெரியாது. ஜெசிந்தா போனாள், இவள் இரண்டு குரலும் பேசுகிறாள். நேற்று அறையைவிட்டு வரும்போது எனக்கு ஏலக்காய் நீட்டினாள். எனக்கு எதற்கு ஏலக்காய்?

ஆனால் ஹேமலதாவுக்கு அந்தச் சொல் தெரியாதே! இது இப்போதுதான் உறைக்கிறது. ரெக்கார்டிங்குக்குப் போன தாளில் 'நீதி நாள்' என்றுதான் இருந்தது. ஜெசிந்தாவும் அதைத்தான் பேசினாள். பழிதுடைப்பு மைக் பக்கமே போகவில்லை. அப்படியென்றால் ஜெசிந்தா மேல் குற்றமே இல்லை, அதற்கு என் சொல்லே சாட்சி!

அந்தச் சொல்லைப் பார்த்தது தயாளன் ஒருவர்தான். தயாளனா? நல்லவர் மாதிரி இருப்பவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், ராஜமாதாவும் பறவைக்கு அரிசி போட்டுக்கொண்டுதானே இருந்தாள். புதுக்கார் வாங்கியிருக்கிறார். எங்கிருந்து வந்தது பணம்? திங்கட்கிழமை முதலாளியிடம் போய் உடைத்துவிட வேண்டியதுதான்.

இவரிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தயாளனைத் தவிர வேற யார்கிட்டயும் நீ அந்தச் சொல்லைச் சொல்லல?"

"உங்ககிட்டதான் சொன்னேன்."

"எங்கிட்டச் சொன்ன. சரி" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டைப் பெரிதாக வைத்தார். இந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாது, தெரிந்த நேரத்தில் பேச மாட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பிளம்பர் வந்தான். மோட்டார் ஓடுகிறது.

எதையாவது எழுதிவிட்டு மூட வேண்டும். தயாளன் கையில் இருந்தது அச்சடித்த தாள். அதில் 'பழி' என்று முழுசாக, ழகரத்தோடு இருந்தது. தாளைப் பார்த்து எழுதுகிறவன் 'பளி' என்று போட மாட்டான். காதால் கேட்டவன்தான் போடுவான். அதுவும் எங்கள் ஊர்ப்பக்கத்து வாயிலிருந்து கேட்டவன்.

மதியம் பழக்காரர் தெருவில் "வாளப்பளம்" என்று கூவும்போது இது என் மண்டையில் இடித்தது. பையை அப்படியே போட்டுவிட்டு வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் ஒரு சொல் சொன்னேன்ல, அதை யார்ட்டயாவது சொன்னியா?"

"எது, பளிதுடைப்பா? யார்ட்டயும் சொல்லலட்டி. மாப்பிள்ளைட்ட மட்டுந்தான். நம்ம வீட்டு ஆம்பள. அவரு எதுலயோ போட்டாராம், லச்சம் பேரு பாத்துட்டாவளாம்! கொளுந்தியா எழுதுனதுனு பேரு போடலாம்லானு கேட்டேன், போடக்கூடாதுன்னுட்டாரு. நீ பாத்தியா? நல்லாருந்துச்சா?"

அவளைத் திட்ட வாய் வரவில்லை. மருமகனிடம் என்னைக் 'கொளுந்தியா' என்று போடச் சொல்லியிருக்கிறாள், நான் அவருக்குச் சின்னத்தை. முறைகூடத் தெரியாத சந்தோஷத்தில் இருக்கிறாள். "நல்லாருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று எழுத ஒன்றும் இல்லை. ஸ்டுடியோவுக்குப் போனேன், வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை மேல் கேஸ் கீஸ் என்று ஆகிவிட்டால் அக்கா மகள் கதி? கைக்குழந்தைக்காரி. ரகசியம் காப்பேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எனக்கும் கதவு சாத்தும். ஜெசிந்தாவுக்குச் சின்ன வயசு. ரேடியோ இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. போனை உள்ளே கொண்டுபோனது தப்புதானே? கொஞ்ச நாள் போனால் முதலாளியே மறந்துவிடுவார். அப்போது நானே பக்குவமாகப் பேசி அவளை உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அமைச்சர் ஷென்னுக்கு நான் எழுதிய வசனம் மாதிரியே இருக்கிறது. அவனாவது பட்டு உடுத்திக்கொண்டு பேசுவான்.

ஸ்டுடியோ வாசல் டீக்கடையில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். மிச்சம் வரவேண்டிய சம்பளத்துக்கு வந்தாளாம். இரண்டு இடத்தில் கேட்டாளாம், பெயரைச் சொன்னதும் வேலை இல்லை என்றார்களாம்.

"நீங்களாச்சும் நம்புறீங்களா மேடம்?"

"நம்புறேன்மா."

"அது போதும் மேடம்" என்று என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். அந்த டீ இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு ராஜமாதா சபையில் எழுந்து நிற்கும் காட்சி. எல்லோரும் ஷென்னை இழுத்துப் போகிறார்கள், அப்போது கிழவி வாயைத் திறக்கிறாள். நான் எழுதியிருந்தது: "அந்தப் பிழை என்னையே சேரட்டும்."

ஹேமலதா மைக் முன்னால் நின்றாள். தயாளன் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மேடம், அடிக்குது. கிழவி வாய் மூடவே இல்ல. ப, ம, வ எதுவும் வரக்கூடாது. மாத்திக் குடுங்க."

மாற்றினேன். "தவறு என்னுடையது." 'வ' இடித்தது. "பாவம் என்னைச் சேரட்டும்." ஆரம்பமே 'பா'. "மன்னித்துவிடுங்கள்." வாயே மூடி ஆரம்பிக்கிறது. "குற்றம்" என்றால் முடிவில் மூடுகிறது. உலகத்தில் மழுப்புவதற்கு இருக்கிற சொல்லெல்லாம் உதட்டை ஒட்ட வைக்கிறது. திரையில் கிழவி திரும்பத் திரும்ப எழுந்து நிற்கிறாள், வாயைத் திறந்துகொண்டு.

"என்ன மேடம், இவ்ளோ நேரம்?" என்றாள் ஹேமலதா. "செஞ்சதச் சொல்றதுக்கு என்ன, நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?"

எழுதிக் கொடுத்தேன். "செய்தது நானே."

ஒரே டேக். உதடு அப்படியே பொருந்தியது. ஹேமலதா சொன்ன விதத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன். வெளியே வந்தவள் ஏலக்காய் நீட்டினாள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். அப்படியே மாடியேறி முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், சொன்னது நாந்தான்."

அவருக்குப் புரியவில்லை. சொல் எங்கே பிறந்தது, எங்கே அடிபட்டது, ஜெசிந்தா வாயில் அது வரவே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அது வேண்டாம் சார். என் வாயிலேருந்துதான் போச்சு. டிவிக்காரங்ககிட்டயும் என் பேரையே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எதுக்கு மேடம் இது? டிவிக்காரங்க அடங்கிட்டாங்க. அந்தப் பொண்ணு எங்கயாச்சும் பொழச்சுக்கும். நீங்க பேசாம இருந்திருக்கலாமே."

"பேசாம இருக்கத்தான் சார் எனக்குத் தெரியலையே."

கீழே இறங்கி வரும்போது தயாளன் படியில் நின்றார். காதில் விழுந்திருக்கும். ஒதுங்கி வழி விட்டார். உங்களையும் சந்தேகப்பட்டேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பாவம், புதுக்காருக்கு வட்டி கட்டுகிற மனுஷன்.

ஜூன் 19, வியாழன்

ஜெசிந்தாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானே எழுந்து காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

ஜெசிந்தாவுக்கு போன் செய்தேன். எடுத்தாள்.

"டீக்கடையில கேட்டேனே மேடம். அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

வைத்துவிட்டாள். வைக்க வேண்டியதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

கடைசி எபிசோட். டிவி முன்னால் நானும் இவரும். வசனம் என்ற இடத்தில் யாரோ ஒருவர் பெயர் ஓடியது. போகட்டும்.

ரோலான் குளோசப்பில் "நீதி நாள்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ராஜமாதா எழுந்து "செய்தது நானே" என்றாள். இவர் என் பக்கம் திரும்பவில்லை, அதற்கு நன்றி.

முடிவில் ரோலான் அப்பாவின் சமாதிக்கு முன்னால் நிற்கிறாள். பனி கொட்டுகிறது. கேமரா பின்னாலிருந்து பார்க்கிறது. முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியவில்லை. மூலத்தில் அங்கே வசனமே கிடையாது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் ஜெசிந்தாவின் குரல் கேட்டது.

"அப்பா, இன்றுதான் உங்கள் பழிதுடைப்பு."

ழகரம் சுத்தமாக விழுந்தது. தயாளன் வேலை. பேச மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், பேசியிருக்கிறாள். நான் வாய்விட்டு அழுதேன். இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போனார்.

உடனே அக்கா போன்.

"ஏட்டி! அது உன் சொல்லுல்லா? பளிதுடைப்பு!"

"ஆமாக்கா."

"உன் பேரு வரலையேட்டி. கண்ணாடி போட்டுட்டுதான் பாத்தேன்."

"வரலைக்கா."

"கெடக்கு, விடு. அடுத்து என்ன கதை போடுதாவ? சொல்லேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"தெரியாதுக்கா" என்றேன்.

"ஏட்டி, போ, நீ இப்படித்தான் சொல்லுவ" என்று சிரித்தாள்.